சோமாவின் கடைக்கும் மாரா மரத்துக்கும் இடையில்

மகன், இந்தக் கடிதத்தை நீ தனியாக இருந்து படிக்காதே. நிரோ வேலை விட்டு வரட்டும், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இரண்டு பேருமாக உட்காருங்கள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று சொன்னாய். அப்படியானால் நீ சத்தமாக வாசி, அவள் கேட்கட்டும். இடையில் வெட்கமாக இருக்கும் இடங்களைத் தாண்டி வாசித்துவிடலாம் என்று நினைக்காதே. உன் புத்தி எனக்குத் தெரியும். அவள் கேட்ட கேள்விக்குத்தான் நான் இவ்வளவு தாளைச் செலவழிக்கிறேன், உனக்காக அல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாய் அல்லவா? அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டாள். அவள் பேசும் யாழ்ப்பாணத் தமிழ் என் காதில் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் உடனே விளங்கியது. "மாமா, இவர் ஓடேக்க எங்கையாவது பொலிஸ் நிண்டா நடக்கத் தொடங்கிறார். ஏனெண்டு கேட்டா கால் பிடிச்சிட்டுது எண்டுறார். இப்ப பேர் குடுத்த ஏப்ரல் ஓட்டத்துக்கும் போகமாட்டாராம். உங்களுக்கு ஏதும் தெரியுமே?" எனக்குத் தெரியாது என்றேன். கேட்டுச் சொல்றேம்மா என்றேன். அதற்குள் நீ வந்து போனை வாங்கினாய். அங்கே குளிர் எப்படி என்று நான் கேட்டேன், இங்கே மழை எப்படி என்று நீ கேட்டாய். வழக்கம்போல அதோடு முடிந்தது.

போனை வைத்த பிறகுதான் அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. கால் பிடிச்சிட்டுது. அப்போது உனக்குப் பதினெட்டு வயது. மாவட்டப் பாடசாலைகளுக்கான மரதன் ஓட்டம். பலாபத்வெலவுக்கு அந்தப் பக்கம் தொடங்கி மாத்தளை மைதானத்தில் முடியும். நீதான் முதலாவதாக வருவாய் என்று உங்கள் விளையாட்டு மாஸ்டர் மைதானம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் அம்மாவும் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றோம். அம்மா உனக்காக ஒரு போத்தலில் எலுமிச்சம் தண்ணி கரைத்து வைத்திருந்தாள். நீ மூன்றாவதாக வந்தாய். என்னாச்சு மகன் என்று கேட்டேன். "கால் பிடிச்சிக்கிச்சு அப்பா" என்றாய். நானும் நம்பினேன். அன்று பின்னேரம் நல்லெண்ணெயைச் சுடவைத்து உன் இரண்டு கெண்டைக்காலையும் நீவி விட்டேன். நீ குப்புறப் படுத்துக் கிடந்தாய், திரும்பவே இல்லை. ஒரு நோவும் இல்லாத கால்களை அன்று அவ்வளவு நேரம் நீவியிருக்கிறேன் என்பது போன புதன்கிழமைதான் எனக்குத் தெரிய வந்தது.

ஓடிப் பார்ப்பது என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே முடிவெடுத்துவிட்டேன். சிரிக்காதே. சீனி வருத்தத்துக்கு டாக்டர் நடக்கச் சொல்லி ஒரு வருசமாகிறது, அதற்கே நான் ஆயிரம் சாட்டுச் சொன்னவன். ஆனால் அந்த ரோட்டில் நடந்து போனால் எனக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. அது நான் பாண் பெட்டி வைத்துச் சைக்கிள் மிதித்த ரோடு, அதன் ஒவ்வொரு குழியும் எனக்குச் சைக்கிள்காரனாகத்தான் பழக்கம். உன் கால் அங்கே என்ன கண்டது என்று அறிய ஓடித்தான் பார்க்க வேண்டும் என்று பட்டது. கிழட்டு யோசனைதான். வீட்டில் தடுக்க ஆள் இருந்திருந்தால் தடுத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை விடிய, கிறிஸ்மஸுக்கு நீ அனுப்பிய சப்பாத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அது இருந்த வெள்ளைக்கு அதுவரை ஞாயிறு பூசைக்குக்கூடக் காலில் போட்டதில்லை. சாரத்தோடு ஓட முடியாது, உன்னுடைய பழைய நீலக் களிசான் இடுப்பில் ஏறவில்லை. கடைசியில் என் பழைய லோங்ஸ் ஒன்றை முழங்காலோடு வெட்டிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். முத்துமாரியம்மன் கோயில் மதிலைத் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது. தேரோடும் தெருவில் தேர் மாதிரியே நின்று நின்று போனேன். ஒரு நாய் பாதித் தூரம் துரத்தி வந்து, இவனைத் துரத்தி என்ன பயன் என்று திரும்பிவிட்டது. தம்புள்ளையிலிருந்து மரக்கறி மூட்டை ஏற்றி வந்த லொறி ஒன்றின் மேலே உட்கார்ந்திருந்தவன், சீயா என்று பாட்டன் முறை சொல்லி, உங்களை யார் துரத்துறது என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுப் போனான். எனக்குக் கோபம் வரவில்லை. யாரும் துரத்தாமல் ஒருவன் ஓடுவதைப் பார்த்து நம் நாட்டு ஆட்களுக்குச் சிரிக்க முடிகிறதே, அதுவே பெரிய விசயம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தவன் எழும்ப வெகு நேரமாயிற்று. செவ்வாய்க்கிழமை தொடை இரண்டும் மரக்கட்டை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குசினிக்குப் போனேன். என்றாலும் பின்னேரம் கொஞ்சத் தூரம் ஓடினேன், ஓட்டம் என்று அதைச் சொல்ல மனச்சாட்சி இடம் கொடுத்தால்.

நிரோவுக்கு அந்தக் காலத்துக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நீ அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாய். மருமகளே, நான் பாண் விற்றவன். பேக்கரியிலிருந்து விடிவதற்கு முன் பெட்டியை நிரப்பிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினால் அலுவிகாரை தாண்டிக் கடைகளுக்கும் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கும் போட்டுவிட்டு வருவேன். உன் புருசனுக்கு ஓட்டப் பைத்தியம். ஆனால் சண்டை நடந்த அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பொடியன் விடியற்காலை இருட்டில் மெயின் ரோட்டில் தனியாக ஓடுவது நடக்கிற காரியமா? ஓடுகிறவனைக் கண்டால் ஆமிக்காரர்கள் முதலில் சுடுவார்கள், பிறகுதான் எங்கே ஓடுகிறாய் என்று கேட்பார்கள். ஓடாதே என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். அவன் முன்னால் ஓடுவான், நான் பின்னால் பாண் சைக்கிளில் வருவேன். என் சைக்கிள் லாம்பு வெளிச்சம் அவன் முதுகில் விழ வேண்டும். அப்படிப் போனால் பாண்காரனும் அவன் மகனும் போகிறார்கள் என்று தூரத்திலேயே தெரியும்.

பாலத்தடியில் சென்றி இருந்தது. ரோட்டுக்குக் குறுக்கே தார் பீப்பாய்கள், மண் மூட்டைகள், நாலைந்து ஆமிக்காரர்கள். டவுன் பக்கத்திலிருந்து போனால் சென்றிக்கு முன்னால் சோமாவின் தேத்தண்ணிக் கடை. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய மாரா மரம். நம்முடைய சட்டம் என்னவென்றால், போகும்போது சோமாவின் கடையில் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், மாரா மரம் வரைக்கும் நடக்க வேண்டும். வரும்போது மாரா மரத்தில் நிறுத்திக் கடை வரைக்கும் நடக்க வேண்டும். இரண்டு கையும் உடம்பை விட்டு விலகி, விரல் விரிந்து தெரிய வேண்டும். அடையாள அட்டை பொலித்தீன் பையில் சுற்றி, களிசான் இடுப்பில் ஊசி குத்தி இருக்கும். அங்கே தமிழில் வாய் திறக்கக் கூடாது. நான் "யமு புத்தா" என்பேன், அவன் "ஹா தாத்தா" என்பான், போவோம் மகன், சரி அப்பா என்று அர்த்தம். மரத்தைத் தாண்டினால்தான் நான் மறுபடி அப்பா. ஆமிக்காரர்கள் என் பெட்டியைத் திறந்து, உள்ளே ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று பாணை ஒரு கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். குத்திய பாணைக் கடைக்காரர்கள் எடுக்கமாட்டார்கள், அது வீட்டுக்கு வரும். உன் புருசன் வளர்ந்ததெல்லாம் ஓட்டை விழுந்த பாண் தின்றுதான் அம்மா. அந்த ஓட்டைக்குள் சீனி போட்டுக் கொடுத்தால் சத்தம் போடாமல் தின்பான்.

பள்ளிக்கூட நாள் எல்லாம், மழை வெயில் பாராமல், இப்படியே போனோம். அவ்வளவு காலமும், சென்றிக்குக் கேட்காத தூரத்தில், பின்னாலிருந்து நான் சொன்னது இவ்வளவுதான். "நட." "நில்லு." "கைய விரி." "சிரிச்ச மாதிரி இரு." இந்த வாரம் யோசித்துப் பார்த்தேன், வேறொன்றும் சொன்னதாக ஞாபகம் வரவில்லை. ஓடு என்று சொல்லத் தேவையே இருந்ததில்லை மகன், அதுதான் நீயாகவே ஓடினாயே.

புதன்கிழமைதான் முதன்முதலாகச் சோமாவின் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். நடையும் ஓட்டமுமாகத்தான், ஆனாலும் கடையை நெருங்கும்போது ஓடிக்கொண்டிருந்தேன். சண்டை முடிந்து இத்தனை மாதமாகிச் சென்றியையும் எடுத்துவிட்டார்கள். பீப்பாய்கள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தழும்புதான் இருக்கிறது. கிழிந்த மண் மூட்டை ஒன்றில் புல் முளைத்திருக்கிறது. ஒரு மனிதப் பிறவி இல்லை. அப்படியிருந்தும் கடை வாசலில் என் கால் நின்றுவிட்டது மகன். களைப்பு என்று நினைத்தேன். ஆனால் களைத்தவனின் கை எதற்குச் சேர்ட்டுப் பொக்கெட்டுக்குப் போக வேண்டும்? அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, மற்றக் கையைத் தூரமாக நீட்டிக்கொண்டு, வெறும் ரோட்டில் நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

கடைக்குள்ளிருந்து சோமா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. ஆமிக்காரர்கள் போன பிறகு வியாபாரம் படுத்துவிட்டது என்று முதலில் ஒரு மூச்சு அழுதாள். சமாதானம் வந்து அவளுக்கு நட்டம்தான். பிறகு தேத்தண்ணியை வைத்துவிட்டு, அப்பனும் மகனும் ஒரே மாதிரி என்றாள். என்ன ஒரே மாதிரி என்று கேட்டேன். அவள் சிங்களத்தில் சொன்னதை உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அன்னைக்கு ரேஸ்னு ஆமிக்காரங்களுக்கு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. பீப்பாயெல்லாம் ஓரமா உருட்டி வச்சிட்டு, பொடியன்களுக்குத் தண்ணி குடுக்க வாளியோட நின்னாங்க. ஒங்க மகன்தான் மொதல்ல வந்தான். தனியா. பின்னால ஆளே தெரியல. மாரா மரத்துக்கிட்ட வந்தான், நடக்க ஆரம்பிச்சிட்டான். ரெண்டு கையையும் இப்படி விரிச்சிக்கிட்டு. அவங்க கை தட்டுறாங்க, துவன்ன மல்லி, துவன்னன்னு கத்துறாங்க. இவனுக்குக் காதுல விழல. என் கடை வரைக்கும் நடந்தே வந்தான். அதுக்குள்ள ரெண்டு பேரு ஓடிப் போயிட்டாங்க."

துவன்ன மல்லி என்றால் ஓடு தம்பி என்று நிரோவுக்குச் சொல்.

இதை ஏன் அப்பவே என்கிட்ட சொல்லல என்று கேட்டேன். தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாளாம். தெரிந்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றும் நினைத்தாளாம். இரண்டையும் ஒன்றாக நினைக்க அவளால் முடிந்திருக்கிறது. தேத்தண்ணி ஆறிப் போயிற்று. அதற்கு அவள் காசு வாங்கவில்லை. திரும்பி வரும்போது நான் ஓடவில்லை, நடக்கவும் தெம்பில்லை, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்றுவரும் த்ரீவீல் ஒன்றில் ஏறி வந்தேன். அந்தப் பொடியனுக்கு நானும் ஒரு காலத்தில் பாண்காரன் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நான் எங்கும் போகவில்லை. மழையும் பெய்தது. வீட்டில் ரேடியோவை விடியப் போட்டால் படுக்கும்வரை நிறுத்துவதில்லை, யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அன்றைக்கு அதையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு றாத்தல் பாண் வாங்கினால் எனக்கு மூன்று நாளைக்கு வருகிறது. மூன்றாம் நாள் காய்ந்து போய்விடும், தண்ணியில் தோய்த்துத் தின்பேன். ஊருக்கெல்லாம் சுடச்சுடப் பாண் கொடுத்தவன் காய்ந்த பாண் தின்கிறேனே என்று அம்மா இருந்திருந்தால் ஏசியிருப்பாள். அவளை அடக்கம் பண்ணிய அன்று நீ அங்கே விசாப் பேப்பர் கிடைக்காமல் ஒரு அறைக்குள் அடைபட்டுக் கிடந்தாய். வர முடியாது என்று சொல்ல நீ எடுத்த போனில் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. காசு ஓடுகிறது மகன், வை என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கும் நிறுத்து என்றுதான் சொல்லியிருக்கிறேன் பார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அந்தச் சட்டத்துக்காக நான் வருத்தப்படவில்லை. பேக்கரியில் போறணைக்கு விறகு போட நின்றவரை உனக்கு நினைவிருக்கும், ரத்தோட்டைப் பக்கத்து ஆள், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவார். ஒருநாள் பின்னேரம் பஸ் நிலையத்தில் ஆமி நில்லு என்றதும் பயத்தில் ஓடிவிட்டார். அவரிடம் ஒன்றுமே இல்லை, அட்டையை வீட்டில் மறந்து வைத்ததுதான் பயம். காலில் சுட்டார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் மாத்தளைப் பக்கம் பிறகு வரவே இல்லை. அதை நான் கண்ணால் கண்டவன். மறுநாள் விடிய நீ சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாய். நான் வேறு என்ன சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? இன்னொரு முறை அதே காலம் வந்தாலும் அதையேதான் சொல்லிக் கொடுப்பேன். நீ உயிரோடு இருக்கிறாய், எனக்கு அது போதும்.

போதும் என்று எழுதிவிட்டேன். போதாது மகன். நீ தனியாக, எல்லாரையும் விட முன்னால், மாரா மரத்தடியில் வருகிறாய். ஒரு தடையும் இல்லை. துப்பாக்கி வைத்திருப்பவனே கை தட்டி ஓடு என்கிறான். உனக்கு என் குரல் மட்டும்தான் கேட்கிறது. நான் அங்கே இல்லவே இல்லை, மைதானத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எவ்வளவு தனிமையான நடை அது. அதையும் மூடி வைத்துவிட்டுக் கால் பிடிச்சிக்கிச்சு என்று சொன்னாயே, யாரைக் காப்பாற்ற? நான் மனசு நோகக் கூடாது என்றுதானே? பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுப்பு எதற்கு?

வெள்ளிக்கிழமை எழும்பும்போது எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இத்தனை வருசம் பழகின காலை மாற்ற முடியுமா முடியாதா என்று பார்த்துவிட வேண்டும். முடிந்தால் உனக்கு எழுதலாம், முடியாவிட்டால் ஏப்ரல் ஓட்டத்துக்குப் போ என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. கடையிலிருந்து மரம் வரைக்கும் அந்தச் சின்னத் துண்டு ரோடுதான், குழந்தைப் பிள்ளைகூட ஓடிவிடும். வெள்ளிக்கிழமை முடியவில்லை. கடை வந்ததும் கால் தானாக நடைக்கு மாறிவிட்டது. திரும்பிப் போய் மறுபடி ஓடி வந்தேன், மறுபடியும் அதே கதை. சோமா தன் பங்குக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஓடு என்றாள். சனிக்கிழமை அவள் பேச்சைக் கேட்டுக் கண்ணை மூடினேன். கிழங்கு லொறிக்காரன் பிரேக்கைப் போட்டு என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். சீகிரியாவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போன வான் ஒன்று நின்று படம் வேறு எடுத்துக்கொண்டு போனது. எங்கேயாவது ஒரு நாட்டில், கண்ணை மூடிக்கொண்டு அரைக் களிசானோடு ஓடும் கிழவன் என்று என் படத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். சோமா பிறகு யோசனை ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இரவு நீ போன் எடுத்தாய். ஓட்டம் எப்படி என்று நான் கேட்டேன். கால் சரியில்ல அப்பா, இந்த முறை விட்டுட்டேன் என்றாய். குரலில் ஒன்றுமே காட்டவில்லை. கெட்டிக்காரன்தான். பக்கத்தில் நிரோ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. சரி மகன், கவனமா இரு என்றேன். வைத்துவிட்டு என்னையே நான் ஏசிக்கொண்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசைக்குப் போய்விட்டு அங்கிருந்தே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். இரவு பெய்த மழையில் ரோடு கறுத்துக் கிடந்தது. ஞாயிறு என்பதால் லொறிகள் குறைவு. ஸ்பைஸ் கார்டன்காரன் ஒருவன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதல் நாள் துரத்திய நாய் இன்றைக்குப் பின்னாலேயே கொஞ்சத் தூரம் வந்தது. சோமாவின் கடை பூட்டிக் கிடந்தது, விகாரைக்குப் போயிருப்பாள். பார்க்க ஆள் இல்லாதது நல்லது என்று நினைத்தேன். ஆனால் கடை கிட்ட வர வர, யாரும் இல்லாத அந்த ரோட்டில் அந்தப் பழைய குரல் எனக்குள் நன்றாகக் கேட்க ஆரம்பித்தது. நட. கைய விரி. என் குரல்தான். கால் தளர்ந்தது. கை பொக்கெட்டைத் தேடிப் புறப்பட்டது.

அப்போதுதான் சத்தம் போட்டேன் மகன். யோசித்துச் செய்யவில்லை. கோபத்தில்தான் வந்தது. சைக்கிளில் உன் பின்னால் வருகிற மாதிரி, நீ எனக்கு முன்னால் பனியன் நனைந்து ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி, பாலத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்படி கத்தினேன்.

"ஓடு மகன். நிக்காத. அப்பா சொல்றேன், ஓடு."

அந்த இடத்தில் நான் வாய் திறந்து பேசிய முதல் தமிழ் அது. நாய் பயந்து ஓரமாகப் போய்விட்டது. சோமாவின் கடையை நான் தாண்டினேன். பீப்பாய்த் தழும்பைத் தாண்டினேன். பாலத்தில் என் சப்பாத்துச் சத்தம் எனக்கே கேட்டது. கத்திக்கொண்டேதான் போனேன், மாரா மரம் வந்து கையால் அதைத் தொடும்வரைக்கும் ஓடு ஓடு என்று கத்திக்கொண்டேதான் போனேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, பார்க்கத்தான் யாரும் இல்லையே. நீ பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. வரும்போது மறுபடியும் கத்த வேண்டித்தான் இருந்தது, சும்மா தாண்ட முடியவில்லை. அதையும் உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு வாரத்தில் பழக்கம் போய்விடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

நிரோ, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அவனுக்குக் காலில் ஒன்றும் இல்லை. இனி அவன் நடக்கத் தொடங்கினால் ஏன் என்று கேட்காதே, பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல். யாழ்ப்பாணத் தமிழில் சொன்னாலும் பரவாயில்லை, அவனுக்கு விளங்கும். மகன், உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். கால் பிடிச்சிட்டுது என்று அவளிடம் இனிச் சொல்லாதே. எனக்குச் சொன்னது போதும். இப்படி மறைத்து மறைத்து நான் நோகக் கூடாது என்று நீயும், நீ நோகக் கூடாது என்று நானும், குளிரையும் மழையையும் பேசியே வருசங்களைக் கழித்துவிட்டோம். ஒரே வீட்டில் இருக்கிற நீங்கள் இரண்டு பேரும் அப்படிக் கழிக்க வேண்டாம்.

விட்டுட்டேன் என்று சொன்ன பெயரைத் திரும்பக் கொடுக்க முடியுமா என்று நாளைக்கே போய்க் கேள். ஏப்ரலில் வழி நெடுக பொலிஸ் நிற்கும், எனக்குத் தெரியும். முதலாவது பொலிஸ்காரனைக் கண்டதும் உன் கால் தளரும், கை தானாக விரியும். விரியட்டும், அதற்கு வெட்கப்படாதே. ஆனால் அந்த நேரத்தில் பின்னால் கொஞ்சம் காது கொடுத்துக் கேள். ஒரு பாண் சைக்கிள் வருகிறது, லாம்பு வெளிச்சம் உன் முதுகில்தான் விழுகிறது. அதை மிதித்து வருகிறவன் இந்த முறை நட என்று சொல்லமாட்டான்.

அப்பா
மாத்தளை